ஓசையற்ற காற்று: கடலோடிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன்

முன்னுரை

கடலோடு உறவாடிய பெருமை தமிழினத்திற்கு உண்டு. காற்றைத் தன் ஏவலுக்கு ஆட்படுத்திக் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் போற்றிய செய்தியைப் புறநானூற்றின் 66ஆம் பாடலில் காண்கிறோம். கலத்தைத் தள்ளும் காற்றைப் பற்றி நம் இலக்கியங்கள் நிரம்பப் பேசியுள்ளன. ஆனால் கலத்தினுள்ளே இருப்பவன் எத்தகைய காற்றை மூச்சாக இழுக்கிறான், அந்தக் காற்று எவ்வளவு இரைச்சலோடு அவனிடம் வந்து சேர்கிறது என்னும் வினாவை நாம் எழுப்பியதில்லை.

தமிழ்த்துறை மலரில் கப்பல் விசிறிக்கு என்ன இடம் என்று மாணவர் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். நாகப்பட்டினம், நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் எனக் கரையோர ஊர்களில் பிறந்தவர்களின் வீடுகளில், கடலில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் உரத்துப் பேசுவார். நாம் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். முதுமையின் குறை என்று நாம் தள்ளிவிடுகிறோம். அது முதுமையால் மட்டும் வந்ததன்று. கப்பல்களின் காற்றோட்டத்தையும் குளிரூட்டலையும் அமைதியாகவும் சிக்கனமாகவும் அமைப்பது பொறியாளரின் வசதிக்குரிய செய்தி மட்டுமன்று, உழைப்பவனுக்குச் செய்ய வேண்டிய நீதி என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கப்பலுக்குள் காற்று வந்த வரலாறு

பாய்மரக் காலத்தில் கப்பலின் அடித்தட்டில் காற்றென்பது அரிய பொருள். பாய்த்துணியைக் குழாய்போலத் தைத்து, அதன் வாயைக் காற்றுவாக்கில் கட்டி, கீழ்த்தட்டுக்குக் காற்றை இறக்கினர். காற்று வீசாத நாளில் அத்துணியும் துவண்டு தொங்கும். 18ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், கையால் இயக்கும் பெரிய துருத்திகளைக் கொண்டு கப்பலின் அடியிலுள்ள கெட்ட காற்றை வெளியேற்றும் முறையை வகுத்து, 1741 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் முன்வைத்தார். கப்பல்களில் மட்டுமின்றிச் சிறைகளிலும் அவருடைய துருத்திகள் பயன்பட்டன. காற்றில்லாத இடத்தில் மனிதனை அடைத்துவைப்பது அவனைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நீராவிக் கப்பல் வந்தபோது, தட்டின்மேல் வாய் அகன்ற வளைகுழாய்கள் நின்றன. பழைய புகைப்படங்களில் அவற்றை நாம் பார்த்திருப்போம். அவற்றின் கீழ், கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவர்களில் பெரும்பகுதியினர் இந்தியத் துணைக்கண்டத்துக் கலாசிகள். செங்கடலைக் கடக்கும்போது அந்த அறையின் வெப்பம் தாங்காமல் மயங்கி வீழ்ந்தோர் பலர். அன்றைய கப்பல் முதலாளிகள் சொன்ன விடை என்ன? இந்தியர் வெயிலுக்குப் பழகியவர்கள், அவர்களுக்கு இது பெரிதன்று என்பதே. அதே வாதத்தின் துணையோடு, ஐரோப்பிய மாலுமிக்கு ஒதுக்கிய இடத்தைவிடக் குறைந்த இடத்தையே இந்திய மாலுமிக்குச் சட்டமும் ஒதுக்கியது. 'பழகியவன்' என்ற சொல்லின்மீது நமக்கு ஐயம் வேண்டும். பிறரின் துன்பத்தைக் காணாதிருக்க விரும்புவோர் கண்டுபிடித்த சொல் அது.

நம் மூத்தோர் சிலருக்கு 'ராஜூலா' கப்பல் நினைவிருக்கும். 1926 இல் கட்டப்பெற்று, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஓடிய கப்பல் அது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் பயணம் செய்தவர்கள் கடற்காற்றைச் சிலாகிப்பார்கள். மும்பையிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறி ஹஜ் சென்றவர்களும் அவ்வாறே கூறுவர். அந்தக் கடல்வழிப் பயணம் 1995 உடன் நின்றுபோயிற்று. அவர்கள் கூறியது தட்டின் மேலிருந்த காற்றைப் பற்றி. தட்டின் கீழே பொறியறையில் நின்றவர் கூறுவது வேறு.

வெப்பமும் இரைச்சலும் பிறக்கும் இடம்

இக்காலப் பெருங்கப்பலின் டீசல் எந்திரம் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை உந்துவிசையாக மாற்றுகிறது. மீதி புகைபோக்கியின் வழியாகவும் குளிர்நீரின் வழியாகவும் வெளியேறுகிறது. அதில் சிறு பகுதி பொறியறைக்குள்ளேயே அனலாய் வீசுகிறது. 10,000 கிலோவாட் ஆற்றலுள்ள எந்திரமொன்று எரிதலுக்கு மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 20 கன மீட்டர் காற்றை விழுங்கும். பொறியறைக்கு அனுப்பும் மொத்தக் காற்று இதனைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது என்று பன்னாட்டுத் தர அமைவு வகுத்துள்ளது. வெளிக்காற்று 35 பாகை செல்சியஸ் இருக்குமாயின், உள்ளே அது 12.5 பாகைக்கு மேல் ஏறக்கூடாது என்பதும் அவ்விதியே. அதாவது, விதிக்குட்பட்ட நல்ல கப்பலிலேயே பொறியறைக் காற்று 47 பாகையைத் தாண்டலாம்.

இவ்வளவு காற்றை உள்ளே தள்ளுவதற்குப் பேருருவ விசிறிகள் வேண்டும். அவை பெரும்பாலும் புகைபோக்கிக் கூட்டின் அருகே, தங்கும் அறைகளுக்குப் பின்புறம் அமைகின்றன. நிமிடத்திற்கு 1,750 முறை சுழலும் எட்டு இதழ் விசிறி நொடிக்கு 233 முறை காற்றை அறைகிறது. அந்த அறைதலே நீண்ட 'ஹூம்' என்னும் முழக்கமாய் இரவுபகல் ஓயாமல் கேட்கிறது. காற்றுவழி வரும் ஓசையைச் சுவரால் தடுக்கலாம். எஃகின்வழி வரும் ஓசையைத் தடுப்பது அரிது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, எஃகில் 5,000 மீட்டருக்கு மேல் செல்லும். கப்பல் முழுவதும் எஃகு. எங்கோ அதிரும் விசிறியின் குரல் எங்கோ படுத்திருப்பவனின் தலையணைக்கு வந்துவிடுகிறது.

தங்கும் அறைகளில் மற்றொரு சிக்கல் உண்டு. கப்பலில் தட்டுக்கும் தட்டுக்கும் இடையே உயரம் குறைவு. பெரிய காற்றுக்குழாய்க்கு இடமில்லை. ஆகவே சிறிய குழாயில் மிகுந்த வேகத்தோடு காற்றைச் செலுத்துகின்றனர். வேகம் மிகுந்தால் வளைவுகளிலும் வாயிலிலும் சீற்றம் மிகும். வேகம் சற்றே கூடினாலும் ஓசை பன்மடங்கு கூடும். பகல் முழுதும் பொறியறையில் காதடைத்து நின்றவன், இரவு தன் அறைக்கு வந்தால் தலைமேல் அந்தச் சீற்றம் காத்திருக்கிறது.

உயிர் கேட்கும், மெய் கேட்காது

எம் குடும்பத்துச் சாச்சா ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களின் பொறியறையில் எண்ணெயிடும் பணி செய்தவர். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதல் வாரம் அவருக்கு உறக்கம் பிடிக்காது. நடு இரவில் மின்சாரம் நின்று மின்விசிறி ஓய்ந்தால் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். காரணம் கேட்டபோது, "கடலில் சத்தம் இருந்தால் பயமில்லை தம்பி; சத்தம் நின்றால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பொருள்" என்றார். ஒருமுறை வேறொன்றும் சொன்னார். தங்கும் அறையில் கூரைக் காற்றுவாயின் இரைச்சலைப் பொறுக்கமாட்டாமல், அவரும் உடனிருந்தவர்களும் பழந்துணியைச் சுருட்டி அதில் அடைத்துவிடுவார்களாம். "சத்தம் நிற்கும், காற்றும் நிற்கும். வேர்வையில் நனைந்தாவது தூங்குவோம்" என்றார். பல இலட்சம் செலவிட்டு அமைத்த காற்றோட்டத்தை ஒரு பழந்துணி தோற்கடித்துவிட்டது. அந்தப் பிழை துணி அடைத்தவனுடையதன்று.

இரைச்சலால் வரும் செவிக்கேடு முதலில் நொடிக்கு 3,000 முதல் 6,000 அதிர்வுகளுக்கு இடைப்பட்ட ஒலிகளைத் தாக்கும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. மனிதப் பேச்சில் உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அமைவன. சகரம் போன்ற மெய்யொலிகள் உயர்ந்த அதிர்வெண்ணில் அமைவன. ஆகவே அத்தகையோர்க்கு உயிர் கேட்கும், மெய் நழுவிவிடும். பேரன் 'பட்டு' என்றாலும் 'தட்டு' என்றாலும் 'சட்டு' என்றாலும் சாச்சாவுக்கு எல்லாம் ஒன்றே. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிகிறது. என்ன பேசுகிறார்கள் என்பது தெரிவதில்லை. எழுத்திலக்கணம் கற்பிக்கும் நாம் உயிரும் மெய்யும் பிரிந்தால் சொல் இல்லை என்று வகுப்பறையில் சொல்கிறோம். ஒருவரின் வாழ்விலேயே அவை பிரிந்துபோனதை எம் வீட்டுத் திண்ணையில் கண்டோம். இந்த இழப்பு மருந்தால் மீளாது.

85 டெசிபெல் ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்திற்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்பது நலவியலார் கணக்கு. 100 டெசிபெல்லில் அது 15 நிமிடம் மட்டுமே. கப்பற்பணியில் ஒரு காவல்முறை வழக்கமாக நான்கு மணி நேரம். காதுறை அணியலாமே என்று சிலர் கூறுவர். பொறியறையில் அது கட்டாயம் வேண்டியதே. ஆயின் படுக்கையில் காதை மூடி உறங்குபவனுக்கு ஆபத்து மணி எவ்வாறு கேட்கும்? உறங்காதவன் மறுநாள் காவலில் கண்ணயர்ந்தால் ஆபத்து அவனுக்கு மட்டுமோ? அறையின் அமைதி கப்பலின் பாதுகாப்பும் ஆகும்.

சட்டம் கூறுவதும் கூறாது விடுவதும்

கப்பல் இரைச்சலுக்கான நெறியைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு முதலில் 1981 இல் வகுத்தது. அது பரிந்துரையாகவே இருந்தது. 2012 இல் திருத்திய நெறி 2014 சூலை முதல் நாள் கட்டாயமாயிற்று. 1,600 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள புதிய கப்பல்களுக்கு அது பொருந்தும். பொறியறைக்கு 110 டெசிபெல், கட்டுப்பாட்டு அறைக்கு 75, மாலுமி உறங்கும் அறைக்கு 10,000 டன்னுக்குட்பட்ட கப்பலில் 60, அதற்கு மேற்பட்டதில் 55 என உச்சவரம்புகள் உள்ளன. அளக்கும்போது காற்றோட்டமும் குளிரூட்டலும் வழக்கம்போல் இயங்க வேண்டும் என்பதும் நெறியின் பகுதி. விசிறியை நிறுத்திவிட்டு அமைதி என்று கணக்குக் காட்ட வழியில்லை.

இது பெரும் முன்னேற்றமே. எனினும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நிலத்தில் உறங்கும் அறைக்கு உலக நலவாழ்வு நிறுவனம் 1999 இல் பரிந்துரைத்த அளவு 30 டெசிபெல். கப்பலில் இசைவளிக்கப்படும் 60 டெசிபெல் ஒலியாற்றலில் அதனைப் போல் ஆயிரம் மடங்காகும். கடலில் நிலத்தின் அமைதி கிட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உச்சவரம்பைத் தொட்டு நிற்பதே போதும் என்று கட்டுவோர் கருதுவது ஒப்புக்கொள்ளத்தக்கதன்று.

2006 இல் நிறைவேறி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, மிதமான தட்பவெப்பம் உடைய பகுதிகளில் மட்டும் ஓடுவன நீங்கலாக, ஏனைய கப்பல்களின் தங்குமிடங்களில் குளிரூட்டும் வசதி வேண்டும் என்கிறது. எந்த 24 மணி நேரத்திலும் பத்து மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வையும் உறுதி செய்கிறது. இந்தியா இதனை 2015 இல் ஏற்றது. நன்று. ஆனால் மீன்பிடிக் கலங்களும் மரபுவழி மரக்கலங்களும் அவ்வுடன்படிக்கையின் வரம்பில் வாரா. இரைச்சல் நெறியும் மீன்பிடிக் கலங்களை விலக்கியே நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணியில் இருப்பவனும், நாகையிலிருந்து பல நாள் தங்கல் தொழிலுக்குச் செல்லும் விசைப்படகுக்காரனும் எந்திரத்தின் தலைமேல் படுத்துறங்குகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்களின் காது காதாகப் படவில்லை.

சிக்கனமும் அமைதியும் ஒன்றாகும் இடம்

அமைதிக்குச் செலவு மிகும் என்பது கப்பல் உடைமையாளர் தரப்பின் வாதம். இவ்வாதம் பாதி உண்மை. உண்மையல்லாத பாதியை முதலில் நோக்குவோம்.

விசிறியின் இயல்பு வியப்புக்குரியது. அதன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவு பாதியாகும். ஆனால் அது உண்ணும் மின்னாற்றல் எட்டில் ஒரு பங்காகும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தாலே ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஓசையும் உடன் இறங்கும். பாதி வேகத்தில் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். குளிர்நீரை இறைக்கும் எக்கிகளும் பெரும்பாலும் இக்கணக்கிற்கு உட்பட்டவையே. ஆகவே வேகக் குறைப்பு என்னும் ஒரே செயலில் எண்ணெயும் மிஞ்சுகிறது, காதும் தப்புகிறது.

வேகத்தைக் குறைக்க இயலுமா? இயலும். கப்பலின் விசிறிகளும் எக்கிகளும் மிகக் கொடிய சூழலுக்கென வகுக்கப்படுகின்றன. தங்கும் அறைக் குளிரூட்டலுக்கு வெளியே 35 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும், கடல்நீர்க் குளிர்விப்புக்கு 32 பாகை நீரும் என்பன வழக்கமான அடிப்படைகள். கப்பல் ஆண்டு முழுவதும் செங்கடலில் நிற்பதில்லை. குளிர்ந்த வடகடலில் செல்லும்போதும், எந்திரம் குறைந்த சுமையில் ஓடும்போதும் அவ்வளவு காற்றும் நீரும் வேண்டா. எனினும் பழைய கப்பல்களில் விசிறிக்கு ஓடுதல், நிற்றல் என்னும் இருநிலைகளே பெரும்பாலும் உண்டு. மின்னோட்ட அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைத் தேவைக்கேற்ப ஆளும் மின்னணுக் கருவி இன்று எளிதில் கிடைக்கிறது. பொறியறை வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் உணர்ந்து அது தானே வேகத்தைக் குறைக்கும், கூட்டும். பழைய கப்பலிலும் இதனைப் பொருத்தலாம் என்பது சிறப்பு.

2023 சனவரி முதல் கப்பல்களின் கரிம உமிழ்வைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் தரவரிசை அளிக்கும் முறை நடைமுறையில் உள்ளது. சேமித்த ஒவ்வொரு கிலோவாட்டும் இனி உடைமையாளரின் தரத்தையும் உயர்த்தும். தொழிலாளியின் உறக்கத்திற்காகச் செய்ய மனம் வராதவர் எண்ணெய்க்காகவேனும் செய்யட்டும். பயன் இருவருக்கும் சேரும்.

அவை பிரியும் இடம்

இனி வாதத்தின் உண்மையான பாதி. எல்லா இடத்திலும் சிக்கனமும் அமைதியும் கைகோத்துச் செல்வதில்லை. அகன்ற காற்றுக்குழாய் வேண்டுமெனில் தட்டின் உயரம் கூட வேண்டும், அல்லது வேறோர் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். குழாயில் பொருத்தும் ஒலியடக்கிக்கு எடையும் இடமும் உண்டு. காற்றின் வழியை அது சற்றே தடுக்கவும் செய்யும். விசிறியை இரப்பர்த் தாங்கிகளின்மீது அமர்த்தல், குழாயோடு நெகிழ்வான இணைப்பால் கோத்தல், அறையின் தரையை எஃகுத் தட்டிலிருந்து பிரித்து மிதக்கவிடல், விசிறி அறையைத் தங்கும் அறைகளிலிருந்து விலக்கி வைத்தல் ஆகியன எல்லாம் கட்டும்போதே கருத வேண்டியவை. கட்டியபின் செய்தால் செலவு பன்மடங்கு.

இந்த இடத்தில் சந்தையை நம்பிப் பயனில்லை. உறக்கத்திற்கு விலைச்சீட்டு இல்லை; சரக்கு ஏற்றும் இடத்திற்கு உண்டு. விலையுள்ளது விலையற்றதை விழுங்குவது உலகியல்பு. அதனால்தான் சட்டம் வேண்டும். கப்பல் வரைபடமாக இருக்கும்போதே இரைச்சல் கணக்கைச் செய்து காட்டவேண்டும் என்ற கடுமையும் வேண்டும் என்பது நம் துணிபு.

தூய காற்றும் குளிர்பொருளும்

சிக்கனத்தின் பெயரால் நிகழும் ஒரு தவற்றையும் சுட்டியாக வேண்டும். வெளிக்காற்றைக் குளிர்விப்பதற்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாகிறது. ஆகவே அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிவிடும் ஆசை எழுகிறது. 2020 பிப்ரவரியில் யோகோகாமாவில் தனித்து நிறுத்தப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலை உலகம் மறந்திருக்காது. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. பயணிகள் அறைக்குள் இருக்க, நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர் உள்ளிட்ட பணியாளர்கள் அவர்களுக்கு உணவு கொண்டு சென்றனர். நெருக்கமான வாழ்க்கையே அங்குத் தொற்றைப் பெருக்கியது என்றாலும், மூடிய கலத்தில் காற்றின் தூய்மை எத்துணை இன்றியமையாதது என்ற வினாவை அந்நிகழ்ச்சி எல்லார் முன்னும் வைத்தது. வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டு உள்வரும் வெப்பக் காற்றைத் தணிக்கும் வெப்பமாற்றுச் சக்கரங்கள் உள்ளன. அவற்றைக் கொண்டால் தூய காற்றையும் குறைக்க வேண்டா, ஆற்றலையும் வீணாக்க வேண்டா.

குளிர்பொருளின் வரலாறும் நமக்குப் பாடமாகும். ஓசோன் படலத்தைக் கெடுத்தவற்றை 1987 இன் மாண்ட்ரீல் உடன்பாடு படிப்படியாக விலக்கியது. 2020 சனவரி முதல் ஆர்-22 போன்றவற்றைக் கொண்ட புதிய அமைப்புகளைக் கப்பல்களில் பொருத்துதல் தடை செய்யப்பட்டுள்ளது. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல் ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் வலியது. 2016 இன் கிகாலித் திருத்தம் அவ்வகையையும் குறைக்கச் சொல்கிறது. கப்பலின் ஓயாத அதிர்வில் இணைப்புகள் தளர்ந்து கசிவது இயல்பாகையால் இது கடலில் மேலும் கவலைக்குரியது. அம்மோனியா நல்ல குளிர்பொருள், ஆயின் நச்சு. கரியமில வாயு தீங்கற்றது, ஆயின் 31 பாகைக்கு மேல் அது எந்த அழுத்தத்திலும் நீர்மமாவதில்லை. நம் வெப்பக் கடல்களில் நீரே அவ்வளவு சூடாக இருப்பதால் அதன் திறன் குறைகிறது. குறையற்ற பொருள் எதுவுமில்லை. குறையை அறிந்து ஆளும் பயிற்சியே வேண்டுவது.

மற்றொரு வழியும் உண்டு. எந்திரத்தைக் குளிர்வித்து வெளிவரும் 80 பாகை அளவிலான வெந்நீரின் வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சியை உண்டாக்கும் உறிஞ்சுமுறைக் குளிரூட்டி அது. வெப்பத்தால் குளிர் பிறக்கிறது என்பது முரண்போலத் தோன்றினும், 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு ஃபெர்டினான் கார்ரே செய்துகாட்டிய உண்மை. அழுத்தும் பொறி இன்றி இயங்குவதால் ஓசையும் அதிர்வும் குறைவு. துறைமுகத்தில் எந்திரம் நிற்கும்போது அது பயன்படாது என்பதும், அலையில் கலம் சாயும்போது அதன் நீர்மம் நிலைகுலையாதவாறு அமைக்க வேண்டும் என்பதும் அதன் குறைகள். இத்தகைய குறைகளைத் தீர்ப்பதில்தான் இளைஞரின் ஆராய்ச்சிக்கு இடமிருக்கிறது.

நாம் செய்யத்தக்கன

முதலாவதாக, அரசு. பழைய கப்பல்களிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த ஊக்கமளித்தலும், விசைப்படகுகளுக்கும் தோணிகளுக்கும் எளிய இரைச்சல் நெறியொன்றை வகுத்தலும் வேண்டும். படகின் எந்திரத்திற்கு நல்ல புகையொலி அடக்கியும் இரப்பர்த் தாங்கியும் இட்டு, உறங்கும் இடத்திற்கும் எந்திரத்திற்கும் நடுவே ஒலியுறிஞ்சும் தடுப்பு அமைத்தல் மலையைப் பெயர்க்கும் வேலையன்று. படகுக்கு மானியம் தரும்போதே இதனை நிபந்தனையாக்கலாம்.

இரண்டாவதாக, கல்விநிலையங்கள். சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் கடற்பொறியியல் துறை இருக்கிறது. நம் கரையோரப் பாலிடெக்னிக் மாணவர்கள் ஆண்டு முடிவில் செய்யும் செயற்றிட்டத்திற்கு ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்ளட்டும். டெசிபெல் அளவியும் வெப்பமானியும் கொண்டு ஓரிரவு அதில் இருந்துபார்த்தால், அவர்கள் எந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்பதைப் படகே சொல்லும்.

மூன்றாவதாக, தமிழ் கற்போர். விசிறியின் வடிகட்டியைத் துடைக்காது விட்டால் காற்று குறையும், ஓசை கூடும், மின்செலவு ஏறும். இதனைத் தமிழில் எழுதிய கையேட்டை நாம் கண்டதில்லை. படகில் எந்திரம் ஓட்டுபவருக்குத் தமிழ் தெரியும். எந்திரத்தோடு வரும் புத்தகத்திற்குத் தெரியாது. அந்தப் புத்தகத்தைத் தமிழாக்குவது கவிதை நூலுக்கு அணிந்துரை எழுதுவதினும் தாழ்ந்த பணி என்று எவரும் கருதற்க. கலம், நாவாய், வங்கம், தோணி என்று கப்பலுக்கு இத்தனை பெயர் வைத்த மொழி, அதன் விசிறிக்கும் குழாய்க்கும் தெளிவான சொல் தர மாட்டாதா?

நான்காவதாக, கடலோடிகளின் குடும்பத்தார். வேலைக்குச் செல்லும் முன்னும், ஒவ்வொரு விடுமுறையிலும் செவித்திறனைச் சோதித்துச் சான்று வாங்கி வைக்கட்டும். கேடு மெல்ல வருவதால் வந்தது தெரிவதில்லை. எழுத்தில் சான்று இருந்தால் எச்சரிக்கையாகவும் இருக்கும், இழப்பீடு கேட்கும்போது துணையாகவும் நிற்கும். சாச்சாவிடம் அப்படியொரு சான்று இருந்ததில்லை. அவர் கேட்கவுமில்லை, பெறவுமில்லை.

முடிவுரை

கப்பலின் காற்றோட்டம் ஆடம்பரமன்று, மூச்சு. இரைச்சலோடு வரும் காற்றை மனிதன் பழந்துணியால் அடைத்துவிடுகிறான் என்பதால், ஓசையடங்காத காற்றோட்டம் காற்றோட்டமே ஆகாது. வேகத்தைத் தேவைக்கேற்ப ஆள்வதால் அமைதியும் சிக்கனமும் ஒருங்கே கிட்டும். அவை பிரியும் இடத்தில் சட்டம் உழைப்பவன் பக்கம் நிற்க வேண்டும். பெருங்கப்பலுக்கு வந்த நீதி சிறுகலத்திற்கும் வரவேண்டும். இவையே நாம் வலியுறுத்துவன.

வெயிலுக்குப் பழகியவன் என்று அன்று சொன்னார்கள். சத்தத்திற்குப் பழகியவன் என்று இன்று சொல்கிறோம். மாணவச் செல்வங்களே, அந்தச் சொல்லை உங்கள் தலைமுறை ஏற்க வேண்டா. இன்று மாலை வீடு திரும்பியதும், உரத்துப் பேசும் அந்த முதியவரின் எதிரே அமருங்கள். முகம் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு மெய்யையும் திருத்தமாக ஒலித்துப் பேசுங்கள். அவருடைய கப்பலில் காற்று எப்படி வந்தது என்று கேளுங்கள். இந்தத் துறையில் நீங்கள் செய்யவேண்டிய முதல் ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கட்டும்.